நினைக்கக் கூடாத மெஷின்

அத்தியாயம் ஏழு

திண்டுக்கல் பேகம்பூரில் ஜமால் முகமதுவின் தோல் கிட்டங்கி மாடிப்படியில் சண்முகவள்ளிக்குப் பின்னால் ஏறும்போது சூசைமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான். வாயைப் பொத்தவில்லை. அது அவனுக்குக் கைவராத வித்தை.

"அக்கா, இந்த வாசத்துல போலீசு நாயைக் கொண்டாந்து விட்டா, அது ராஜினாமாக் கடுதாசி குடுத்துட்டுப் போயிரும்."

"நமக்கு நாய் வேலை இல்லடா. மெஷின் ஒண்ணு தப்பாக் கணக்குப் போடுதாம்."

"அதுக்கு மெக்கானிக்கைத்தானே கூப்பிடணும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். மெக்கானிக்கால முடியாதுன்னாரு ஜமால் பாய்."

சண்முகவள்ளி பல வருஷம் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஊரில் யார் யாரிடம் என்ன பொய் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தானாகவே படிந்துபோன பாடம். "ஹலோ" என்று ஒருவர் சொல்லும் தினுசிலேயே, அடுத்து வருவது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவாள். வேலையை விட்டதும் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். முதல் வழக்கு, ஒரு நாடகக் கம்பெனியில் களவுபோன ராஜா கிரீடம். கம்பெனியே ஒன்றுகூடிக் கைகாட்டியது கோமாளி வேஷக்காரனான சூசைமுத்துவை. அவன் எடுக்கவில்லை என்று வள்ளி நிரூபித்தாள். அன்றைக்கு அவள் பின்னால் வந்தவன்தான். சம்பளம் என்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை; பேச்சு மட்டும் ஓயவில்லை.

மாடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே மெஷின் என்று ஒன்றும் இல்லை.

ஒரு சுவர் முழுக்க, கடுதாசி பிரிக்கும் தபாலாபீஸ் அலமாரியைப் போலச் சின்னச் சின்ன மரப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் ஒரு பேர். நடுவில் ஒரு மேஜை, அதில் ஒரு சிலேட்டு, ஒரு கும்பா நிறையப் புளியங்கொட்டை. மேஜையைச் சுற்றி மூன்று பேர். ஜன்னலோரம் இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன், மூன்று நாள் தாடியோடு நின்றான். ஜமால் பாயின் மகன் முகமது பாரூக். பம்பாயில் கணக்குப் படித்து, அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கம்ப்யூட்டர் என்கிற பெரிய மெஷினுக்கு வேலை சொல்லிக்கொடுக்கப் பழகித் திரும்பியவன்.

"மெஷின் எங்க தம்பி?" என்றாள் வள்ளி.

பாரூக் மூன்று பேரையும் காட்டினான். "இதுதான் அக்கா."

சூசைமுத்து மூவரையும் மேலும் கீழும் பார்த்தான். "எந்த ஊரு கம்பெனி? எண்ணெய் போடுறதா, தண்ணி ஊத்துறதா?"

"ஏலே, சும்மா இரு," என்றாள் வள்ளி. "நீங்க சொல்லுங்க தம்பி."

பாரூக் சொன்னான். நிஜமான கம்ப்யூட்டர் மெட்ராஸில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இருக்கிறது. அதில் அவனுக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர் பஸ் கம்பெனி ஒன்றின் வண்டிகளுக்கெல்லாம் புறப்படும் நேரம், நிற்கும் நேரம், சேரும் நேரம் அத்தனையையும் அந்த மெஷின் போட்டுக்கொடுத்துவிட்டால், கம்பெனிக்காரர் அதையே அட்டவணையாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்படி நடந்தால் காலேஜிலும் இவனுக்கு வேலை உண்டு. ஆனால் மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. இப்படிச் செய், அப்புறம் இப்படிச் செய் என்று ஒவ்வொரு கட்டளையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைகளுக்குப் புரோகிராம் என்று பேர். அதில் ஒரு பிசகு இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் பாழ்.

"திண்டுக்கல்லுல கம்ப்யூட்டருக்கு நான் எங்க போவேன்? அதுதான் ஆளுகளை வச்சே ஒண்ணு பண்ணிட்டேன். அந்த மெஷின் என்னென்ன செய்யுமோ அதை மட்டும் இவுக செய்வாக. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. இதுல சரியா ஓடுற புரோகிராம் அங்கயும் சரியா ஓடும்."

"கல்யாணத்துக்கு முன்னாடி பொம்மைக் கல்யாணம்," என்றான் சூசைமுத்து.

பாரூக்கின் காது ஏனோ சிவந்தது. வள்ளி அதைப் பார்த்துவைத்தாள்.

மெஷின் ஓடிக் காட்டியது. சேவுகம்பட்டிப் பெருமாள்சாமி கட்டளை வாசிப்பவர். முன்பு கோயில் திருவிழாக்களில் மைக் பிடித்தவர், "பழனி வண்டிப் பெட்டியில் உள்ளதை எடு!" என்று கட்டளை எழுதிய அட்டையைப் பார்த்து அவர் முழங்கினால் கீழே தோல் உலர்த்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தாடிக்கொம்புப் பெருமாயி காலையில் பூ விற்று முடித்துவிட்டு மதியம் இங்கே வருகிறவள். அவள் பெட்டியிலிருந்து எண் எழுதிய சீட்டை எடுத்து வருவாள். விடையைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். கூட்டுவதும் கழிப்பதும் பாரூக்கின் சித்தப்பா மகள் நஜ்முன்னிசா. அவள் வீடு கீழே தெருவோரம். புளியங்கொட்டை அவள் விரலில் பட்டால் மழை பெய்கிற சத்தம் கேட்கும்.

"இவுகளுக்கு நான் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்," என்றான் பாரூக். "நினைக்கக் கூடாது. சொன்னதை மட்டும் செய்யணும்."

"இந்த உத்தியோகத்துக்கு முதல்ல எனக்குல்ல ஆளு அனுப்பியிருக்கணும்?" என்றான் சூசைமுத்து.

"நீ நினைக்கவும் மாட்ட, சொன்னதைச் செய்யவும் மாட்ட," என்றாள் வள்ளி. "எப்ப இருந்து தப்பு வருது தம்பி?"

பழகுவதற்காக முதலில் மாங்காய், தேங்காய் என்று வெறும் கணக்குகள் கொடுத்தானாம். ஒன்றுகூடப் பிசகவில்லை. பஸ் கணக்கை ஏற்றியதிலிருந்துதான் வினை. சில வண்டிகளுக்கு அவன் கையால் போட்டு வைத்த விடை ஒன்று, மெஷின் கொடுக்கும் விடை வேறு. தாடிக்கொம்பில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டிய வண்டி ஆறு நிமிஷம் நிற்கிறது. பழனி வண்டி பத்து நிமிஷம் பிந்துகிறது. சேவுகம்பட்டி வண்டி எங்கேயோ சுற்றிவிட்டு வந்து சேருகிறது. புரோகிராமை அவன் எத்தனையோ தடவை படித்துவிட்டான், குறை தெரியவில்லை. யாரோ எதிரிக் கம்பெனிக்காரன் ராத்திரியில் புகுந்து சீட்டை மாற்றுகிறான் என்பது அவன் முடிவு. சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சோறு இறங்கவில்லை.

வள்ளி கதவுப் பூட்டைப் பார்த்தாள், கீறல் இல்லை.

"வெளியாளு வரல. இந்த ஊருப் பூட்டை உடைக்கிற திறமை உள்ளவன் பஸ் அட்டவணையத் திருட மாட்டான்," என்றான் சூசைமுத்து. முதல் தடவையாக வள்ளி அவனைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தாள். அவனுக்கே அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"தம்பி, ஒரு விசயம் கவனிச்சீகளா? கை தவறி வர்ற தப்புன்னா ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இது ஒரே பக்கமாச் சாயுது. தாடிக்கொம்புல நிக்கிற நேரம் ஒருநாளும் குறையவே இல்ல. மாங்காயில வராத தப்பு பஸ்ஸுல மட்டும் ஏன் வரணும்? மாங்காய் எப்பப் புறப்பட்டா யாருக்கு என்ன?"

அவள் அலமாரிப் பக்கம் போனாள். 'தாடிக்கொம்பு நிறுத்தம்' என்று எழுதிய பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து முகர்ந்தாள். அப்புறம் பக்கத்துப் பெட்டிச் சீட்டு. அதை வைத்துவிட்டு மறுபடி முதல் சீட்டு.

"தோல் கிட்டங்கியில மரிக்கொழுந்து மணக்குது," என்றாள்.

பெருமாயி முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "சீட்டு எல்லாமே என் கையிலதான் வருது. எல்லாத்துலயும்தான் மணக்கும்."

"எல்லாத்துலயும் லேசா மணக்குது. இது மட்டும் இடுப்புல செருகி வச்சிருந்த மாதிரி மணக்குது." வள்ளி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஊர்க்கதை பேசும் குரலில் கேட்டாள்: "அது சரி பெருமாயி, அஞ்சு நிமிசம் எந்த மூலைக்குக் காணும்? கூடையைத் தூக்கி பஸ்ஸு மேல போட்டு, கயிறு கட்டி இறங்க வேணாமா? பத்தாப் போட்டிருக்கலாம்ல?"

"பத்துன்னா டிரைவர் வைவாருல்ல?" என்றாள் பெருமாயி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

சூசைமுத்து கைதட்டப் போனவன் வள்ளியின் முறைப்பைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பெருமாயிக்கா! நீங்களா?" என்றான் பாரூக். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் கூட இருந்தது.

"பின்ன என்ன தம்பி? ஒரு நிமிசந்தான் நிக்குறான். கூடை ஏறுனா நான் ஏறல, நான் ஏறுனா கூடை ஏறல. போன வாரம் கூடை மட்டும் தனியா திண்டுக்கல்லு வந்து சேந்துச்சு. வண்டி ஓடுற நேரத்தையே இங்க எழுதுறாகன்னு தெரிஞ்சா, யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?" அவள் எழுந்து நின்றாள். "என்னைய மட்டும் புடிச்சிட்டீக. சேவுகம்பட்டி வண்டி என்னத்துக்கு ஊருக்குள்ள போயி வளைஞ்சு வருதுன்னு கேட்டீகளா?"

பெருமாள்சாமி இருமினார். மைக் பிடித்த தொண்டை. இருமலும் கணீரென்று வந்தது.

"அட்டையில இல்லாத வரி ஒண்ணை நான்தான் சேத்து வாசிச்சேன் தாயி," என்றார் வள்ளியிடம். "வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. தக்காளிக் கூடையோட மெயின் ரோட்டுல இறங்கி அம்புட்டுத் தூரம் நடக்குறா. 'ஊருக்குள் சென்று திரும்பு'ன்னு ஒரு வரி. குரலை இறக்கித்தான் வாசிச்சேன்."

"நீங்க குரலை இறக்கினதே மதுரை வரைக்கும் கேட்டிருக்குமே," என்றான் சூசைமுத்து.

எல்லோரும் நஜ்முன்னிசாவைப் பார்த்தார்கள். அவள் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கும்பாவில் போட்டாள்.

"எனக்கு எந்த பஸ்ஸுலயும் ஏற வேண்டியதில்ல," என்றாள்.

"அப்பாடா, ஒருத்தராச்சும்..." என்றான் பாரூக்.

"ஆனா அந்தப் பழனி வண்டிக்காரன் மத்தியானம் எங்க வீட்டு முன்னாடிதான் ஹாரன் அடிக்கிறான். தொட்டில்ல புள்ள அப்பத்தான் கண்ணை மூடும். பத்து நிமிசம் கழிச்சு வந்தா நல்லா அசந்திரும். அதான் பத்தைக் கூட்டிக்கிட்டேன்."

பாரூக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "நினைக்கக் கூடாதுன்னு சொன்னேனே! இது நிசமான பஸ் இல்ல, வெறும் கணக்கு!"

"இன்னைக்குக் கணக்கு, நாளைக்கு பஸ்ஸுன்னு நீங்கதானே தம்பி சொன்னீக?" என்றாள் பெருமாயி.

கூடை மட்டும் தனியாக ஊர்வந்து சேர்ந்த காட்சி சூசைமுத்துவின் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அவுக கேக்குறதுல நியாயம் இருக்கு," என்றாள் வள்ளி. "ஆனா கொல்லைப்புறமா வந்தது தப்பு. கூடை ஏத்த நேரம் வேணும், வண்டி ஊருக்குள்ள வரணும், ஹாரன் கூடாதுன்னு கம்பெனிக்காரர்கிட்ட நேராச் சொல்லிருவோம். அவர் சரின்னா நீங்களே புரோகிராமுல சேத்துக்கங்க. அது வேற விசயம். இப்ப மெஷினைச் சுத்தம் பண்ணணும். தம்பி, பெட்டி மேல ஊருப் பேரு எழுதினது யாரு?"

"நான்தான். அடையாளத்துக்கு."

"அதுதான் வினை. மெட்ராஸ் மெஷினுக்குத் தாடிக்கொம்பு தெரியுமா? தெரியாது. இதுக்கும் தெரியக் கூடாது. பேரை எல்லாம் அழிங்க."

சூசைமுத்து ஈரத்துணியால் சாக்பீஸ் எழுத்துகளை அழித்தான். ஊர்ப் பேர்களுக்குப் பதிலாகக் காய்கறிப் பேர் வைக்கலாம் என்ற யோசனையும் அவனுடையதுதான். மதியச் சாப்பாடு தள்ளிப்போனவனுக்கு வேறென்ன தோன்றும்? எந்தக் காய் எந்த வண்டி, எந்தக் கிழங்கு எந்த நிறுத்தம் என்பது பாரூக்கின் மனசுக்குள் மட்டும். அட்டைகளில் பேர்களை அவனே மாற்றி எழுதினான்; சரியான எண் எழுதிய புதுச் சீட்டுகளைப் பெட்டிகளில் இடம் மாற்றிப் போட்டான். மூன்று பேருக்கும் நடுவில் பதனிட்ட தோல்களைக் கொடிகட்டித் தொங்கவிட்டார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் மணியடிக்கும் வேலை சூசைமுத்துவுக்கு.

மெஷின் மறுபடி கிளம்பியது.

"முருங்கைக்காய்ப் பெட்டியில் உள்ளதை எடு!" என்று முழங்கினார் பெருமாள்சாமி. "அதோடு சேனைக்கிழங்கைக் கூட்டு!"

கீழே தோல் உலர்த்துகிற ஒருவர் இன்னொருவரிடம், "மேல விருந்து போலருக்கு," என்றது கேட்டது.

பெருமாயி சீட்டோடு போனாள், வந்தாள். நஜ்முன்னிசாவின் விரலில் மழை பெய்தது. மணி அடித்தது. யாரும் நினைக்கவில்லை. நினைக்கவும் வழியில்லை, கத்தரிக்காய் எத்தனை மணிக்குப் புறப்பட்டால் என்ன? விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. பாரூக் தான் போட்டு வைத்திருந்த விடைகளோடு சரிபார்த்தான். சரி. அதுவும் சரி. அவன் முகத்தில் மூன்று நாளாகக் காணாமல்போன சிரிப்பு திரும்பியது.

"பாகற்காய் நிற்கும் நேரத்தோடு ஒன்பதைக் கூட்டு!"

சூசைமுத்துவின் கை மணிக்கு மேல் நின்றது. "என்னது, ஒம்பதா? மத்த எல்லாக் காயும் ஒண்ணு ரெண்டு நிமிசந்தானே நின்னுச்சு? பாகற்காய்க்கு மட்டும் என்ன சீமந்தமா?"

"பெருமாள்சாமி அண்ணே, மறுபடியுமா?" என்றாள் வள்ளி.

தோலை விலக்கிக்கொண்டு அவர் தலை வெளியே வந்தது. "கோயில் மேல சத்தியம் தாயி. அட்டையிலயே இருக்கு." அட்டையை நீட்டினார். இருந்தது.

வள்ளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: "மெஷின் பேருல இனிமே குத்தம் சொல்ல முடியாது. அதுக்குக் கண்ணைக் கட்டியாச்சு. சொன்னதைத்தான் செய்யுது. சொல்ற கை இந்த அறையில ஒண்ணே ஒண்ணுதான். தம்பி, பாகற்காய் எந்த வண்டி?"

"அது சரியான அட்டைதான் அக்கா. அதுல பிசகில்ல."

"பிசகுன்னு நான் சொல்லலையே. எந்த வண்டின்னுதானே கேட்டேன்?"

"வத்தலக்குண்டுல இருந்து திண்டுக்கல் வர்ற சாயங்கால வண்டி."

"ஒம்பது நிமிசம் எங்க நிக்குது?"

பாரூக் கூரையைப் பார்த்தான். கூரையில் உதவி இல்லை. "செம்பட்டியில."

தொங்கிய தோலுக்குப் பின்னாலிருந்து நஜ்முன்னிசாவின் குரல் வந்தது: "செம்பட்டியிலயா? ஸ்கூல் விடுற நேரமுல்ல அது?"

அறையில் புளியங்கொட்டைச் சத்தம் நின்றது. நினைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்த மெஷினின் மூன்று பாகங்களும் ஒரே நேரத்தில் நினைத்தன. தோல்கள் விலகின. மூன்று முகங்கள் பாரூக்கைப் பார்த்தன.

"பிள்ளைகளுக்காகத்தான்," என்றான் அவன் அவசரமாக. "ஸ்கூல் விட்டு ஓடி வர்றதுக்குள்ள வண்டி போயிரும். சின்னப் பிள்ளைக பாவம்."

வள்ளிக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குரலை எக்ஸ்சேஞ்சில் அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். "ஆமா தம்பி, பாவந்தான். ஆனா அந்தப் பிள்ளைக எல்லாம் செம்பட்டிக்காரக. நடந்தே வீட்டுக்குப் போயிருமே? அந்த ஸ்கூல்ல இருந்து திண்டுக்கல் வண்டி ஏறுறது எத்தனை பேரு?"

பதில் சொன்னது பெருமாயி. "ஒரே ஒருத்தருதான். ஷரீஃபா டீச்சர். வாரா வாரம் எங்கிட்டத்தான் பூ வாங்குவாக. பேகம்பூருப் புள்ளதான்."

பேச வேண்டியதைப் பாரூக்கின் காது இரண்டும் சிவந்து பேசின.

"தம்பி," என்றான் சூசைமுத்து, ரொம்ப மரியாதையாக, "பெருமாயிக்கா அஞ்சு நிமிசம் திருடினா, நீங்க ஒம்பது. அவுக கூடைக்கு. நீங்க?"

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை பேசினது உண்டா?" என்று வள்ளி கேட்டாள். அவள் குரலில் துப்பறிகிற கூர்மை இல்லை.

"இல்லக்கா. ஒருநாள் நான் அந்த வண்டியில வந்தேன். செம்பட்டியில வண்டி நகர்ந்திருச்சு. அவுக குடையைப் பிடிச்சிக்கிட்டு ஓடி வந்தாக. டிரைவர் நிறுத்தல. கண்ணாடி வழியாப் பாத்தேன்; ரோட்டுல நின்னு சிரிக்கிறாக, தன்னையே பாத்து. எனக்கு..." அவன் நிறுத்திக்கொண்டான். "எழுதும்போது ஒம்பதுன்னு தானா வந்துச்சு. அப்புறம் படிக்கும்போதெல்லாம் அது சரியாவே தெரிஞ்சிச்சு."

அவனைக் கேலி பண்ண மூன்று நல்ல வாக்கியங்கள் சூசைமுத்துவின் நாக்கு நுனியில் இருந்தன. மூன்றையும் விழுங்கினான். நாடகத்தில் எத்தனையோ காதல் வசனங்கள் கேட்டவன் அவன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததை இத்தனை குறைவான சொல்லில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"அட்டையை எடுத்துருங்க," என்றாள் வள்ளி. "நாளைக்கு மெட்ராஸுல அத்தனை பேரு முன்னாடி அந்த மெஷினும் இந்த ஒம்பதை அப்படியே காட்டும். அங்க உங்க காதைப் பாத்துப் புரிஞ்சிக்கிற ஆளுக இருக்க மாட்டாக. பஸ் காத்துக்கிட்டு நிக்கிறது பஸ்ஸுக்கு அழகில்ல தம்பி. காத்து நிக்க வேண்டியது மனுசன்."

பாரூக் பாகற்காய் அட்டையைத் தானே உருவினான்; தான் போட்டு வைத்திருந்த விடையிலும் அந்த ஒன்பதைக் கழித்தான். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை எல்லோரும் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள். கடைசித் தடவையாக மெஷின் ஓடியது. மணிக்கு மணி, நிமிஷத்துக்கு நிமிஷம், அத்தனை விடையும் பொருந்தியது. பெருமாள்சாமி "முற்றும்!" என்று அட்டையில் இல்லாததை ஒரு தடவை சொன்னார். அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஜமால் பாய் மூச்சு வாங்க ஏறி வந்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மகன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து அவர் முகமும் தெளிந்தது.

"என்ன வள்ளியம்மா, ஆளு ஆப்புட்டானா?"

"ஆப்புட்டான் பாய்."

"யாரு? எதிரிக் கம்பெனியா?"

"உள்ளாளுதான்."

"அல்லாவே! என் கிட்டங்கியிலயா? அப்ப போலீசுல சொல்லிரணும்ல?"

சூசைமுத்து வாயைத் திறந்தான். வள்ளி அவன் காலை மிதித்தாள்.

"போலீசு எதுக்கு பாய்? ஷரீஃபா டீச்சர் வீட்டுல போயிச் சொன்னாப் போதும்."

ஜமால் பாய் வள்ளியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் ரயில் டிக்கெட்டைப் பார்த்தான். தொங்கும் தோல், காய்கறிப் பேர் எழுதிய பெட்டிகள், கும்பா நிறையப் புளியங்கொட்டை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கும் பெருமாயி என்று அறை முழுவதையும் சுற்றிப் பார்த்தார். நிதானமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏன்ப்பா பாரூக்," என்றார். "ஒரு வார்த்தை அத்தாகிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டா, இம்புட்டுப் பெரிய மெஷினைக் கட்டுன?"